முதலில் செய்தவரும் பார்த்துச் செய்தவரும்: கம்பெனிகளின் போட்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையில் எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். சிக், மீரா, கிளினிக் பிளஸ், சன்சில்க், பேன்டீன் என்று வரிசையாக இருக்கும். இவற்றில் கிளினிக் பிளஸும் சன்சில்க்கும் யூனிலீவர் குழுமத்துடையவை. பேன்டீன், பிராக்டர் அண்ட் கேம்பிளுடையது. இரண்டுமே உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கும் கம்பெனிகள். ஆனால் ஒரு தலைக்குளியலுக்கு ஆகிற அளவு ஷாம்புவைப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று இந்தியாவில் காட்டியவர்கள் அவர்கள் இல்லை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனும் அவருடைய பிள்ளைகளும்தான்.

ரிக்‌ஷா இழுப்பவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது சின்னி கிருஷ்ணனின் எண்ணம். எப்சம் உப்பு, முகப்பவுடர் போன்றவற்றைச் சின்னப் பொட்டலங்களாக்கி விற்றுப் பார்த்தவர் அவர். அந்த வழியில்தான் அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு பாக்கெட் வந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் பிறகு தனியாகப் பிரிந்து வந்து, 15,000 ரூபாய் முதலில் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். சென்னையில் இருக்கும் கெவின்கேர் கம்பெனியின் ஆரம்பம் அதுதான்.

அப்போது ஷாம்பு என்றால் பாட்டில். மாதச் சம்பளக்காரர் வீட்டில் வாங்குவார்கள். தினக்கூலி வாங்குகிறவர் மொத்தமாக அவ்வளவு பணத்தை ஷாம்புவுக்கு எடுத்து வைக்க முடியாது, சீயக்காயோ சோப்போதான். அவரை வாங்க வைக்க ரங்கநாதனின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். அப்புறம், எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக்கின் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். போட்டியாளரின் வாடிக்கையாளரை முதலில் இழுத்துக்கொண்டு, பிறகு கதவைச் சாத்திய வேலை இது. படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வியப்பாக இருக்கும். 1999-ல் விலையை ஐம்பது பைசாவுக்கே இறக்கினார்கள்.

இதைப் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அவர்களும் பாக்கெட்டுக்கு வந்தார்கள். அவர்களிடம் டிவி விளம்பரத்துக்குப் பணம் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஸ்டாக்கிஸ்ட் இருந்தார். இன்று இந்தியாவில் ஷாம்பு விற்பனையின் பெரும் பங்கை வைத்திருப்பது பாக்கெட்டை முதலில் கொண்டுவந்த குடும்பம் இல்லை. பார்த்துச் செய்த யூனிலீவரின் இந்தியக் கம்பெனிதான். கெவின்கேரும் அழிந்துவிடவில்லை, நன்றாகவே வளர்ந்தது.

புத்தாக்கம், பின்பற்றல் என்ற இரண்டு போட்டி வழிகளையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடைக்காது.

சரி, புத்தாக்கம் என்றால் என்ன? ஆய்வகத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டும் இல்லை. காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிற பொருளாகவோ சேவையாகவோ அதை ஆக்குவது வரை அதில் சேரும். கடலூர்க் குடும்பம் ஷாம்புவில் எந்த வேதிப்பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையும் ஏற்கெனவே இருந்ததுதான். அவர்கள் மாற்றியது அளவை, விலையை, விற்கும் இடத்தை, வாங்கும் ஆளை. அதுவும் முழுமையான புத்தாக்கம்தான். பொருளில் புதுமை ஒரு வகை, தயாரிக்கும் முறையில் புதுமை இன்னொரு வகை, வியாபாரம் நடத்தும் முறையில் புதுமை மூன்றாவது வகை. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு முதல் வகை மட்டும் கண்ணில் படும். லாபம் பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒளிந்திருக்கும்.

பின்பற்றலிலும் பல படிகள் உண்டு. அடியில் இருப்பது போலி: வேறொருவரின் பெயரையும் லேபிளையும் ஒட்டி விற்பது. அது திருட்டு, அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்கு மேலே ஈயடிச்சான் காப்பி: பெயர் மட்டும் வேறு, மற்றதெல்லாம் அப்படியே. அதற்கு மேலே லைசென்ஸ்: வரைபடங்களையும் அச்சுகளையும் காசு கொடுத்து வாங்கி, அனுமதியோடு செய்வது. அதற்கும் மேலே, அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பார்த்து, ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு சொந்தமாகச் செய்வது. எல்லாவற்றுக்கும் மேலே, மூலத்திலிருந்து கருத்தை மட்டும் எடுத்து வேறு ஆட்களுக்கு, வேறு விலைக்கு, வேறு ஊருக்குப் பொருத்துவது. இந்தக் கடைசிப் படியில் பின்பற்றல் எங்கே முடிகிறது, புத்தாக்கம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

வணிகவியல் மாணவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பரீட்சையில் பார்த்து எழுதுவது தப்பு என்று வளர்ந்ததாலோ என்னவோ, கம்பெனிகள் பார்த்துச் செய்வதையும் வெட்கக்கேடாக நினைக்கிறார்கள். புதிதாகச் செய்தவர் நல்லவர், ஜெயித்திருப்பார். பார்த்துச் செய்தவர் சோம்பேறி, தோற்றிருப்பார் என்று ஒரு கணக்கு. உண்மை நிலவரம் அப்படி இல்லை.

இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகள் நம் வீடுகளுக்கு வந்தது அந்தக் குழுமத்தின் வழியாகத்தான். அங்கே வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர்தான் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கினார். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. 1979-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதைவிடத் தூய்மையான புத்தாக்கம் இருக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் கருவியைக் கொண்டுவந்த ஆறு ஆண்டுகளுக்குள் இ.எம்.ஐ. முதலிடத்தை இழந்தது. எட்டு ஆண்டுகளில் அந்தத் தொழிலிலிருந்தே வெளியேறிவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் சந்தையை எடுத்துக்கொண்டன. நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் ஜி.இ., சீமென்ஸ் என்ற பெயர்களைப் பார்க்கிறோம், இ.எம்.ஐ. என்ற பெயரை யாரும் பார்த்ததில்லை.

ஏன் இப்படி ஆனது? ஸ்கேன் கருவியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை மருத்துவமனைக்கு விற்று, அங்கே இருப்பவர்களுக்கு இயக்கக் கற்றுக்கொடுத்து, ராத்திரி பதினோரு மணிக்கு நின்றுபோனால் ஆள் அனுப்பிச் சரிசெய்வது வேறு வேலை. இசைத்தட்டு விற்ற கம்பெனிக்கு இரண்டாவது வேலைக்கு ஆட்கள் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கோ பல காலமாக மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே கருவி விற்றுக்கொண்டிருந்தது. டாக்டர்களைத் தெரியும், சர்வீஸ் ஆட்கள் ஊர் ஊராக இருந்தார்கள். கருவியின் அடிப்படையைப் புரிந்துகொண்டு இன்னும் வேகமான ஒன்றைச் செய்தால் போதும். செய்தார்கள்.

டேவிட் டீஸ் என்ற பொருளியல் அறிஞர் 1986-ல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு கேள்விகள். ஒன்று: உங்கள் புதுமையை அடுத்தவர் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளலாம்? இரண்டு: அதைப் பணமாக்கத் தேவைப்படும் துணைகள் யாரிடம் இருக்கின்றன? தொழிற்சாலை, விற்பனை ஆட்கள், சர்வீஸ், பெயர் எல்லாம் அந்தத் துணைகளில் அடங்கும். காப்பி அடிப்பது சுலபமாகவும், துணைகள் அடுத்தவரிடமும் இருந்தால், உழைத்தவர் ஒருவர், உண்பவர் வேறொருவர் என்றாகிவிடும். ஷாம்பு பாக்கெட்டை இந்த இரண்டு கேள்விகளிலும் வைத்துப் பாருங்கள். பாக்கெட்டுக்குப் பூட்டு கிடையாது, யாரும் போடலாம். கடைக்கடையாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு பெரிய கம்பெனிகளிடம் இருந்தது. அப்படியிருந்தும் கெவின்கேர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அந்தத் துணைகளைத் தானும் சீக்கிரமாகக் கட்டிக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் வந்தவர்கள் பொதுவாக எப்படித் தேறுகிறார்கள் என்று கோல்டர், டெலிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐம்பது வகைப் பொருள்களை எடுத்துக்கொண்டு தேடிப் பார்த்தார்கள். 1993-ல் வெளியான அந்த ஆய்வின்படி முன்னோடிகளில் 47 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள். முன்னோடிகளின் சராசரிச் சந்தைப் பங்கு 10 சதவீதம்தான்.

அதற்காகப் பார்த்துச் செய்வது ஓசியில் வரும் என்றும் நினைக்கக் கூடாது. எட்வின் மேன்ஸ்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் வேதிப்பொருள், மருந்து, மின்னணு, இயந்திரம் ஆகிய துறைகளில் 48 பொருள்களைக் கணக்குப் போட்டு 1981-ல் வெளியிட்டார்கள். ஒன்றைப் புதிதாக உருவாக்க ஆகும் செலவில் சராசரியாக 65 சதவீதம், அதைப் பார்த்துச் செய்யவும் ஆகியிருந்தது. நேரத்தில் 70 சதவீதம். அதாவது நூறு ரூபாய்ப் பொருளைப் பார்த்துச் செய்ய அறுபத்தைந்து ரூபாய். பலருக்கு இந்த எண் நம்ப முடியாததாக இருக்கும். செய்முறை காகிதத்தில் இருப்பது கொஞ்சம், செய்தவர் கையில் இருப்பதுதான் அதிகம். அந்தக் கைப்பழக்கத்தைச் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் செலவு.

இந்தக் கைப்பழக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, சென்னையின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு கார் கம்பெனிகளின் கதை இருக்கிறது.

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை. கொரியாவின் ஹூண்டாய் மோட்டார் 1967-ல் தொடங்கியபோது அதற்குக் கார் செய்யத் தெரியாது. அடுத்த ஆண்டு ஃபோர்டின் கார்டினா காரை, வந்த பாகங்களை வைத்து, வந்த வரைபடத்தின்படி பூட்டிக் கொடுத்தது. ஆனால் பூட்டுவதோடு நிற்கவில்லை. ஃபோர்டுடன் கூட்டுத்தொழில் பேச்சு முறிந்ததும், சொந்தக் கார் செய்வது என்று முடிவெடுத்தது. பிரிட்டிஷ் லேலாண்ட் என்ற கார் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லை அழைத்துவந்தது. வடிவமைப்பை இத்தாலியின் ஜுஜாரோவிடம் கொடுத்தது. எஞ்சினை ஜப்பானின் மிட்சுபிஷியிடம் வாங்கியது. இப்படிப் பல கைகளிலிருந்து எடுத்துச் சேர்த்ததுதான் 1975-ல் வந்த போனி கார். ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் அவர்கள் சொன்னபடி கேட்க வேண்டியிருக்கும். பல இடத்தில் வாங்கியதால், எல்லாவற்றையும் பொருத்துகிற வேலையை ஹூண்டாய் தானே செய்தாக வேண்டியிருந்தது. கற்றது அங்கேதான்.

அடுத்தது எஞ்சின். மிட்சுபிஷிக்கு ராயல்டி கட்டிக்கொண்டே இருக்க விரும்பாமல், 1980-களில் சொந்த எஞ்சின் முயற்சியில் இறங்கினார்கள். ரிக்கார்டோ என்ற பிரிட்டிஷ் பொறியியல் கம்பெனியின் உதவியை வாங்கிக்கொண்டார்கள். முதலில் செய்த எஞ்சின்கள் சோதனையில் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. முந்நூறுக்கும் மேல் சோதனை எஞ்சின்கள் செய்து பார்த்து, 1991-ல் ஆல்ஃபா எஞ்சின் வெளிவந்தது. கார்டினாவில் தொடங்கி இருபத்துமூன்று ஆண்டுகள்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது அதன் உயரமான கூரை நமக்குப் புதுசாகத் தெரிந்தது. சிலருக்கு விநோதமாகவும் தெரிந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்த தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் உடனே பிடித்துப்போனது, குனிய வேண்டியதில்லை. இந்த உயரக் கூரை வடிவத்தை ஜப்பானில் 1993-லேயே சுசுகி வேகன் ஆர் புகழ்பெறச் செய்திருந்தது. ஆனால் இந்தியாவுக்கு வேகன் ஆர் சான்ட்ரோவுக்குப் பிறகுதான் வந்தது. வேறு ஊரில் பழசான கருத்தை, அது இன்னும் போய்ச் சேராத சந்தைக்கு முதலில் கொண்டுபோகிறவர் அங்கே முன்னோடியாகிவிடுகிறார். உலகச் சந்தையில் விளையாடும் கம்பெனிகள் இந்த வழியை நிறையப் பயன்படுத்துகின்றன.

இன்னொரு பக்கம், வண்டலூர். இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி இருந்தது. ஹூண்டாய் பிறப்பதற்கு முன்பே, பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் கார்களை லைசென்ஸில் செய்துகொண்டிருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1985-ல் இவர்கள் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, பார்க்க ராஜ கம்பீரம். எஞ்சின் மட்டும் பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காலத்தது. புது உடம்பில் பழைய எஞ்சின். இழுவையும் இல்லை, மைலேஜும் இல்லை, விலையும் அதிகம். அதற்குள் மாருதி 800 சாலைக்கு வந்துவிட்டது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது.

இரண்டு கம்பெனிகளும் வெளிநாட்டுக் காரைப் பார்த்துத்தான் தொடங்கின. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று ஸ்டாண்டர்டைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அன்றைய இந்தியாவில் எதைச் செய்யவும் அரசு லைசென்ஸ் வேண்டும், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, போட்டியும் குறைவு. செய்ததெல்லாம் விற்கும். கற்றுக்கொள்ள வேண்டிய நெருக்கடியே வரவில்லை. கொரிய அரசு ஹூண்டாய்க்குப் பாதுகாப்பும் கொடுத்தது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்று நெருக்கவும் செய்தது. நெருக்கடி இருந்த இடத்தில் காப்பி ஒரு பள்ளிக்கூடமானது.

கார் பழைய கதை என்றால், சென்னையின் புதிய தொழிலான மென்பொருளுக்கு வருவோம். சென்டெஸ்க் என்ற கம்பெனி 2007-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களையும் கேள்விகளையும் ஒரே இடத்தில் வரிசைப்படுத்திப் பதில் சொல்ல உதவும் மென்பொருள் அவர்களுடையது. 2010-ல் அவர்கள் விலையை ஏற்றியபோது பயன்படுத்துவோர் பலர் கோபப்பட்டார்கள். அதைப் படித்த கிரீஷ் மாத்ருபூதம், சோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து அதே ஆண்டு சென்னை கீழ்க்கட்டளையில், அதே வகை மென்பொருளுக்காக ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி.

2011 கடைசியில் ட்விட்டரில் ஒரு சண்டை வந்தது. ஃபிரெஷ்டெஸ்க் வெறும் காப்பி என்று ஒரு விமர்சகர் எழுத, சென்டெஸ்க்கின் தலைவரும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டார். கிரீஷ் ஒதுங்கிப் போகவில்லை. இது காப்பியா இல்லையா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று அதற்காகவே ஓர் இணையதளம் திறந்து, நடந்ததையெல்லாம் அப்படியே போட்டார். அந்தச் சண்டையால் ஃபிரெஷ்டெஸ்க்கின் பெயர் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய பிறகு, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் அது இடம்பெற்றது.

அப்படியானால் அது காப்பியா? பொருளின் வகையைப் பார்த்தால், சென்டெஸ்க் காட்டிய வழிதான். சந்தை இருக்கிறது என்பதையும் சென்டெஸ்க்தான் தன் செலவில் நிரூபித்தது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேடி நேரில் போகாமல், சென்னையில் உட்கார்ந்துகொண்டு, சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு மலிவு விலையில் மென்பொருள் விற்று, போனிலும் சாட்டிலும் உதவி கொடுத்து வியாபாரத்தை வளர்த்த முறை சென்டெஸ்க்கிடம் வாங்கியது இல்லை. சோஹோ முதலான சென்னைக் கம்பெனிகள் ஏற்கெனவே அந்தப் பாதையில் நடந்து காட்டியிருந்தன. இவர்கள் அதை இன்னும் வேகமாக்கினார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், பொருளில் பின்பற்றல், விற்பனை முறையில் புத்தாக்கம்.

அப்புறம் சட்டம். கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை என்று ஒரு வேலி உண்டு. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதுவரை அவர் அனுமதியில்லாமல் வேறு யாரும் செய்யக் கூடாது. அதற்குப் பதிலாக அவர் தன் கண்டுபிடிப்பின் விவரங்களை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். வேலி எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துத்தான் புத்தாக்கம் லாபமா, பின்பற்றல் லாபமா என்ற கணக்கே மாறும்.

இதில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குச் சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் கண்டுபிடித்த மருந்து கிளிவெக். அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு வந்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் வடிவத்தை மட்டும் மாற்றினால், அதனால் நோய் தீர்க்கும் திறன் கூடினால் ஒழிய, புதுக் காப்புரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் அதைத் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. நோவார்டிஸ் மருந்துக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்துக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில்தான் ஆனது. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. பின்பற்றல் என்பதை வெறும் கம்பெனிப் போட்டியாக என்னால் பார்க்க முடியாததற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் திரும்பி வராவிட்டால் அடுத்த மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்ற எதிர்வாதமும் பொய் இல்லை. இரண்டையும் தராசில் வைத்துத்தான் ஒவ்வொரு நாடும் தன் வேலியின் உயரத்தை முடிவு செய்கிறது.

மருந்தைப் போல எல்லாப் பொருளுக்கும் வேலி தெளிவாக இருக்காது. 2007 கடைசியில் டி.வி.எஸ். நிறுவனம் ஃபிளேம் என்ற பைக்கைக் கொண்டுவந்தது. ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக். அது தன்னுடைய காப்புரிமை என்றது பஜாஜ். எங்கள் எஞ்சினில் மூன்று வால்வு, இது வேறு அமைப்பு என்றது டி.வி.எஸ். சென்னை உயர் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் தடை விதிக்க, ஃபிளேம் ஒற்றை பிளக்கோடு விற்பனைக்கு வர வேண்டியதாயிற்று. 2009-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2019-ல் இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகின. பன்னிரண்டு ஆண்டுகள்! புதுப் பொருளுக்கு முதல் சில மாதங்கள்தான் உயிர். அந்த நேரத்தில் ஒரு தடை விழுந்தால், பிறகு ஜெயித்தாலும் போன வேகம் திரும்பாது. காப்புரிமையைப் போட்டியாளரைத் தாமதப்படுத்தும் ஆயுதமாகவும் கம்பெனிகள் பார்ப்பது இதனால்தான்.

ஒரே கம்பெனி இரண்டு வேடமும் போடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் முன்னோடிகளின் வழியில் வந்த அதே கெவின்கேர், 1998-ல் ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தது. யூனிலீவரின் இந்தியக் கம்பெனி 1975 முதல் விற்றுவந்த ஃபேர் அண்ட் லவ்லிக்கு நேர்ப் போட்டி. குங்குமப்பூவும் பாலும் சேர்த்தது என்று நம் வீட்டு நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நிறத்தை வைத்துப் பெண்களின் மனதை நோகடிக்கும் அந்த வியாபாரமே எனக்குப் பிடிக்காது. ஆனால் பின்பற்றலில் ஓர் உள்ளூர்ப் பிடிப்பைச் சேர்ப்பது எப்படி என்று பார்க்க நல்ல பாடம்.

ஆப்பிளும் சாம்சங்கும் அப்படித்தான். ஐபோனைப் பார்த்துச் செய்ததாகச் சாம்சங் மீது ஆப்பிள் 2011-ல் வழக்குப் போட்டது. 2012-ல் நூறு கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது, பிறகு தொகை குறைந்து, 2018-ல் சமரசமானது. இந்த நடுவில், சாம்சங் தன் நோட் போன்கள் மூலம் பெரிய திரைக்கு வாடிக்கையாளர்களைப் பழக்கிவிட்டது. ஆப்பிளும் 2014-ல் பெரிய திரைக்கு வந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சாம்சங், ஆப்பிளுக்குச் சிப்புகளும் செய்து கொடுத்தது.

ஒரு கம்பெனியைப் பற்றிப் படிக்கும்போது, இது புத்தாக்கக் கம்பெனியா, காப்பிக் கம்பெனியா என்று முத்திரை குத்துவதில் பயனில்லை. எதை வேறு யாரிடமிருந்து எடுத்தது, எதைத் தானே சேர்த்தது, சேர்த்ததை அடுத்தவர் எடுக்க எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். முக்கியமாக, எடுத்ததிலிருந்து உள்ளே இருக்கும் ஆட்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டுகிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பஸ்ஸில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். 1968-ல் கொரியாவில் கார்டினாவைப் பூட்டியதும் இதே மாதிரி வேலைதான். அங்கிருந்து ஆல்ஃபா எஞ்சினுக்குப் போனதற்குக் காரணம், பூட்டுவதோடு நிற்காமல் வரைபடம் வரையும் மேசைக்கும் கம்பெனி நகர்ந்தது. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்கு நேர்காணல் போகிற பொறியியல் பட்டதாரி யாராவது இதைப் படித்தால், சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தொழிற்சாலையில் அச்சும் டூலும் யார் வடிவமைக்கிறார்கள்? ஒரு பாகத்தில் குறை தெரிந்தால் அதை மாற்றி வரைய இங்கே யாருக்கு அதிகாரம் இருக்கிறது, அந்த மேசைக்குப் போக எத்தனை வருடம் ஆகும்?